மாட்டைப் பிடித்து நின்றவர்: மைசூர் வட்டாரத்தில் கால்நடைப் பயிற்சியின் செலவும் கூலியும்

மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் 1939ஆம் ஆண்டு மருத்துவர் சம்பத்குமாரன் ஹள்ளிகார் இனப் பசுக்களுக்குச் செயற்கை முறையில் கருவூட்டினார். விந்து ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் காளையினுடையது. 33 பசுக்கள் சினைப்பட்டன. இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் தொடங்கிய இடம் அதுவே என்று கால்நடை அறிவியல் பாடநூல்கள் எழுதுகின்றன. போட்டித் தேர்வுகளில் ஒரு மதிப்பெண் வினாவாகவும் அது வந்துபோகிறது. மருத்துவர் பெயர், ஆண்டு, பசுக்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பாடநூல் காப்பாற்றி வைத்திருக்கிறது. பசு பருவத்துக்கு வந்ததை விடியற்காலையில் கண்டு சொன்னவர் யார், கொட்டிலில் அதை அசையாமல் பிடித்து நின்றவர் யார், கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்தவர் யார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. மருத்துவர் ஒருவரே தனித்து 33 பசுக்களையும் சினைப்படுத்தியிருக்க இயலாது என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரியும்.

அவ்வாறு பெயரின்றி நின்றவரின் வழியில் வந்தவர்களுக்கு இன்று பல பெயர்கள் உண்டு: கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர், கருவூட்டாளர், ‘மைத்ரி’. மேலை நாடுகளில் கால்நடைத் தொழில்நுட்பர் என்கின்றனர். இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவும் பயிற்சிக்குப் பின் வரும் வருவாயும் ஈடாகுமா என்னும் கேள்வி, இன்று பயில வரும் இளைஞரின் சொந்தக் கணக்காகவே பேசப்படுகிறது. அது எப்போது அவருடைய சொந்தக் கணக்காயிற்று என்று கேட்டால்தான் வரலாறு தொடங்கும். அக்கேள்விக்கு மைசூர் பொருத்தமான களம். மாட்டை அரசின் உடைமையாகவும், அரண்மனையின் பெருமையாகவும், சிறு விவசாயியின் பிழைப்பாகவும் அடுத்தடுத்துக் கண்ட நிலப்பகுதி அது. மாட்டின் உடைமை கைமாறியபோதெல்லாம், மாட்டைப் பேணத் தெரிந்தவரின் பயிற்சிச் செலவைச் சுமந்த தோளும் மாறியது.

சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரசு மந்தைகளுக்குரிய துறை ‘பெண்ணெச் சாவடி’ எனப்பட்டது. வெண்ணெய்ச் சாவடி என்று தமிழில் கொள்ளலாம். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவது அதன் பணி. ஹைதர் அலி கையில் அதே மந்தைகள் பெருகிப் படைத்துறைக்குரியவை ஆயின. திப்பு சுல்தான் அதற்கு ‘அமிர்த மகால்’ என்று பெயரிட்டு, மந்தைகளை நடத்துவதற்கான ஒழுங்கு விதிகளையும் வகுத்தார். பெயரில் அமிர்தம் இருந்தாலும் வேலை பீரங்கி இழுப்பது. ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்துக்கு உதவியாக வந்து சேர்ந்தது இந்த எருதுகளால்தான் என்று ஆங்கிலேயர் எழுதிய மைசூர்க் கெசட்டியர்களே வியந்து குறிப்பிடுகின்றன.

அந்த மாடுகள் தொழுவத்து மாடுகள் அல்ல. ‘காவல்’ என்று கன்னடத்தில் வழங்கப்படும் பரந்த புல்வெளிகளில் ஏறத்தாழக் காட்டு விலங்குகளைப் போல் வளர்ந்தவை; பழகிய மேய்ப்பரைத் தவிர அயலார் அருகில் செல்ல முடியாது. மேய்ப்பர்களுள் பெரும்பாலோர் கொல்லா சமூகத்தார். தமிழில் உலோகத் தொழில் செய்யும் கொல்லரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இவர்கள் ஆயர். எந்தக் கன்றைக் காளைக்கு விடுவது, எதைக் காயடிப்பது, வெக்கை நோய் கண்ட மந்தையை எவ்வளவு தூரம் விலக்கி ஓட்டுவது, காட்டு எருதை நுகத்துக்கு எப்படிப் பழக்குவது என்பவை எல்லாம் இவர்கள் கைக்குள் இருந்த அறிவு. இதற்குப் பள்ளியில்லை, சான்றிதழ் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் செலவே இல்லை என்று கருதுவது பிழை. சிறுவன் ஒருவன் தந்தையோடு காவலில் திரிந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே அவனது பயிற்சிக் காலம். அந்த ஆண்டுகளின் சோறும் துணியும் குடும்பத்தின் முதலீடு. அரசு தனியே பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. மேய்ப்பர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தன் துறையில் நிறுத்தி வைத்ததே அரசு கொடுத்த விலை. அந்த விலை சாதியின் விதியோடு பின்னியிருந்தது என்பதையும் மறக்க இயலாது: மேய்ப்பனின் மகனுக்கு வேலை உறுதி, வேறு வேலை அரிது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மந்தைகள் சீரழிந்தன. 1813இல் சென்னைப் படையின் உணவு, போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஹார்வி பொறுப்பேற்றபின் மீண்டும் பெருகின. மைசூருக்கு மேற்கிலுள்ள ஹுன்சூர் அத்துறையின் முக்கிய நிலையமாக விளங்கியது. இந்த ஏற்பாட்டின் மதிப்பை அறிய, அது கலைக்கப்பட்ட கதையைப் பார்ப்பது நல்லது. 1860இல் சிக்கனத்தின் பெயரால் மந்தைகள் ஏலத்துக்கு விடப்பட்டன. முடிவெடுத்தவர் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு சிக்கனம் காத்த அதே டிரெவெலியன். வருமான வரியை எதிர்த்துத் தம் கருத்தைப் பத்திரிகைகளுக்கு வெளியிட்டதற்காக அதே ஆண்டில் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை. சிறந்த மாடுகளுள் பலவற்றை எகிப்தின் பாஷா வாங்கிக்கொண்டார். ஆறே ஆண்டுகளில், 1866இல், இழப்பை உணர்ந்து துறையை மறுபடி தொடங்கினர். கணக்கேட்டில் மாட்டுக்கு விலையிருந்தது, புல்வெளிக்கு வாடகையிருந்தது, மேய்ப்பருக்குச் சம்பளமிருந்தது. அம்மேய்ப்பரின் கைப்பழக்கத்துக்கு மட்டும் தனிப் பத்தி இருக்கவில்லை. அதனால்தான் சிக்கனம் அவ்வளவு எளிதாகத் தோன்றியது.

இதற்கிடையே கால்நடை அறிவு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. 1862இல் புனேயில் படைத்துறைக் கால்நடைப் பள்ளி, 1882இல் லாகூர், 1886இல் பம்பாய், 1893இல் கல்கத்தா, 1903இல் சென்னை என்று கல்லூரிகள் தோன்றின. சென்னைக் கல்லூரி சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. தொடக்கத்தில் இவற்றின் கண் குதிரையின் மேல். மாட்டின் மேல் கண் திரும்ப வெக்கை நோய் காரணமாயிற்று: 1871இல் மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் அறிக்கையளித்தது, 1892இல் குடிமைக் கால்நடைத் துறை அமைந்தது. இக்கல்லூரிகள் நெடுங்காலம் பட்டயமே வழங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1930களின் நடுவில் பட்டப் படிப்பு தொடங்கியதில் சென்னைக் கல்லூரி இந்தியாவிலேயே முதலாவது.

மைசூர் சமஸ்தானத்துக்குள் கால்நடைக் கல்லூரி இல்லை. பெங்களூர் ஹெப்பாளில் ஒன்று தோன்ற 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தகுதி பெற விரும்பிய மைசூர் இளைஞர் சென்னைக்கோ பம்பாய்க்கோ செல்ல வேண்டும். ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும். மூன்றாண்டு விடுதிச் செலவுக்கு வழி வேண்டும். காவலில் வளர்ந்த ஆயர் மகனுக்கு இம்மூன்றில் எது வாய்த்திருக்கும்? கால்நடை அறிவின் படிநிலையில் முதல் பிளவு இங்கே விழுகிறது. கல்லூரி சென்று மீண்டவர் ‘கால்நடை உதவி மருத்துவர்’ ஆனார். மாட்டைப் பிடிக்கத் தெரிந்தவர் அவருக்குக் கீழே கம்பவுண்டராகவும் ஏவலராகவும் நின்றார். 1925இல் ஹெப்பாளில் மைசூர் ஊநீர் நிறுவனம் தொடங்கி, வெக்கை நோய்க்கு எதிரான ஊநீர் உற்பத்தி உள்ளூரிலேயே நிகழ்ந்தபோது இக்கீழ்நிலைப் பணியாளரின் தேவை மிகுந்தது. ஒரு மாட்டுக்கு ஊசி போட மருத்துவர் ஒருவர் போதும். ஊர் மாடு முழுவதற்கும் போட, கயிறு பிடிக்க அறிந்த கைகள் பல வேண்டும். அவர்களுக்கு வேலையே பள்ளி. குறைந்த கூலியில் கழித்த முதல் சில ஆண்டுகளே அவர்கள் செலுத்திய கட்டணம்.

(அதே காலத்தில் பெங்களூரில் இயங்கிய இம்பீரியல் கால்நடைப் பராமரிப்பு, பால்வள நிறுவனத்தில் 1927இல் காந்தி பாடம் கேட்டார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதி விவசாயி என்று குறித்தார். பால்வளப் பட்டயத்துக்காக அங்கே பயின்ற பிற மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் படிப்பின் முடிவில் வேலை தேட வேண்டியவர்கள்.)

1939க்குத் திரும்பலாம். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியினுடைய இறுதிக் கட்டம் அது. மிர்சா இஸ்மாயில் திவான். அரண்மனைப் பண்ணையில் நிகழ்ந்த சோதனையின் செலவு அரண்மனையினுடையது. தோல்வியுற்றிருந்தாலும் இழப்பு எந்தக் குடியானவனுக்கும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1936இல், டென்மார்க்கின் சாம்சோ தீவில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் செயற்கைக் கருவூட்டலைத் தொடங்கியிருந்தனர். 1938இல் அமெரிக்காவின் நியூஜெர்சி விவசாயிகள் அந்த முறையைப் பின்பற்றினர். அங்கெல்லாம் கருவூட்டுபவரைப் பணியமர்த்தியதும் ஊதியம் தந்ததும் மாட்டின் சொந்தக்காரர்கள் சேர்ந்து அமைத்த சங்கம். மைசூரில் தொடங்கியதோ அரண்மனைக் கொடையாக. தொழில்நுட்பம் ஒன்றே, அதைச் செய்யும் கைக்கு யார் பொறுப்பு என்பதில் இரு நாடுகளும் வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்டன. இந்தியாவில் இத்துறையின் பிற்கால இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் இத்தொடக்க வேறுபாடு ஒரு காரணம் என்று வாதிட இடமுண்டு.

அதன்பின் அரசு வந்தது. 1940களில் பெங்களூர், கல்கத்தா, பாட்னா, மான்ட்கோமரி ஆகிய நான்கு இடங்களில் வட்டாரக் கருவூட்டல் மையங்கள் அமைந்தன. மான்ட்கோமரி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. முதலாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1951–52இல், முக்கிய கிராமத் திட்டம் தொடங்கியது. ‘ஸ்டாக்மேன்’ என்னும் பதவி கிராமத்துக்கு அறிமுகமானது பெரிதும் இத்தகைய திட்டங்களால்தான். 1954இல் தொடங்கிய தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டமும் அவரையே நம்பியது. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்ட அவர்கள் உழைப்பின் முடிவில், இந்தியா 2006இல் அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட நோய்கள் பெரியம்மையும் வெக்கை நோயும் ஆகிய இரண்டே. விழா மேடைகளில் தடுப்பூசியைக் கண்டறிந்தோர் நினைவுகூரப்பட்டனர். அது நியாயமே. ஆனால் ஊசி தானாக மாட்டிடம் நடந்து செல்லவில்லை.

இந்தக் கால்நூற்றாண்டே பயிற்சிக் கணக்கு மிகவும் எளிமையாக இருந்த காலம். பள்ளிப் படிப்பை முடித்தவரை அரசு தேர்ந்தெடுத்தது. சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை பயிற்சி தந்தது. பயிற்சி முடிந்ததும் மாதச் சம்பளத்தோடு பணியில் அமர்த்தியது. சம்பளம் சிறியதாயினும் ஓய்வூதியம் உண்டு. தமிழகத்தில் கால்நடை ஆய்வாளருக்கான பதினொரு மாதப் பயிற்சி இந்த மரபில் வந்ததே. பயில்பவர் இழந்தது பயிற்சிக் காலத்துக் கூலி மட்டும். பெற்றது வாழ்நாள் வேலை. இக்கணக்கில் ஒருவர் நட்டப்படுவது கடினம். எத்தனை பேருக்கு இடமிருந்தது என்பதே குறை.

1974இல் உலக வங்கியின் உதவியோடு கர்நாடகப் பால்வளத் திட்டம் தொடங்கியபோது மைசூரும் அதன் தொடக்க மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. கலப்பினப் பசு சிறு விவசாயியின் கொட்டிலுக்கு வந்தது. காலையிலும் மாலையிலும் சங்கத்தில் பால் ஊற்றும் குடும்பத்துக்குப் பசு சினைப்படாமல் போகும் ஒவ்வொரு சுழற்சியும் 21 நாள் வருவாய் இழப்பு. பருவம் நிலைப்பதோ ஒரு பகலோ ஓர் இரவோ. காலையில் வழும்பு கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்பது இத்தொழிலின் பால பாடம். பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும் அரசு மருந்தகத்தால் பசுவின் இந்த நேரத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. எனவே சங்கங்கள் உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவித்தன. அவருக்கு முழுநேரச் சம்பளம் இல்லை. ஊசிக்கு இவ்வளவு என்று கட்டணம், அல்லது சங்கம் தரும் சிறு தொகை. மாதச் சம்பளத்திலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கு மாறியது இங்கேதான். அன்று அதை யாரும் பெரிய மாற்றமாகக் கருதியதாகத் தெரியவில்லை. உள்ளூர் இளைஞர், சொந்த வீடு, பக்கத்து நிலம். கூடுதல் வருவாய்தானே என்று எண்ணப்பட்டது.

1984இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவரன்றி எவரும் கால்நடை மருத்துவம் செய்யலாகாது என்று அதன் 30ஆம் பிரிவு விதித்தது. அதே பிரிவு ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது: பட்டயமோ சான்றிதழோ பெற்ற ஸ்டாக்மேன் முதலானோர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும், ‘சிறு கால்நடைச் சேவைகள்’ செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற முதலுதவிகள் அச்சேவைகளில் அடங்கும். ஐந்தாண்டு படித்தவரின் தகுதியையும் விலங்கின் நலனையும் காப்பதற்கு இத்தகைய வரம்பு தேவை என்பதை மறுக்க இயலாது. அரைகுறை அறிவோடு எதிர்நுண்ணுயிர் மருந்தை ஏற்றுவதன் தீங்கு பால் வழியாக மனிதரையும் எட்டும். ஆயினும் இச்சட்டத்தின் பொருளியல் விளைவு ஒன்று உண்டு. பயிற்சி பெற்றவர் எவற்றுக்குக் கட்டணம் பெறலாம் என்னும் பட்டியலைச் சட்டம் சுருக்கியது. மேற்பார்வை செய்யும் மருத்துவர் அருகில் இருந்தால் அதனால் இடரில்லை. ஐயாயிரம் மாட்டலகுக்கு ஒரு மருத்துவர் என்பது 1976இல் தேசிய வேளாண்மை ஆணையம் 2000ஆம் ஆண்டுக்கென வகுத்த இலக்கு. இலக்கு நிறைவேறினாலும்கூட, பல ஊர்களுக்கு ஒரே மருத்துவர் என்பதே அதன் பொருள். இரவில் கன்று ஈன முடியாமல் பசு தவிக்கும்போது வீட்டுக்காரர் முதலில் அழைப்பது மூன்று தெரு தள்ளியிருக்கும் கருவூட்டாளரையே. அவர் போனால் சட்டத்தை மீறுகிறார். போகாவிட்டால் மறுமுறை சினை ஊசிக்கு அந்த வீடு அவரை அழைக்காது.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் இயக்கத்தின் கீழ் இன்று ‘மைத்ரி’ என்னும் பெயரில் கிராமப்புற இளைஞருக்கு மூன்று மாதப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பயிற்சியும் கருவிகளும் அரசின் செலவு. பின்னர் அவர் தம் காலில் நிற்க வேண்டும். இதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். எண்கள் எளிமைக்காகக் கொண்டவை. ஒரு சினை ஊசிக்கு 100 ரூபாய் என்றும் நாளொன்றுக்கு மூன்று ஊசி என்றும் வைத்தால் மாதத்துக்கு 9,000 ரூபாய். பெட்ரோல், உறைவிந்துக் குச்சியின் விலை, அதை மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் காக்கும் திரவ நைட்ரஜன் ஆகியவற்றை இதிலிருந்து கழிக்க வேண்டும். மூன்று ஊசியில் ஒன்று பலித்தால், அந்த மாதத்தின் 90 ஊசிகளில் 30 சினைகள். பலிக்காத 60 வீடுகளில் எவரும் பசுவைக் குறை சொல்வதில்லை, குச்சியையும் குறை சொல்வதில்லை. கைப்பழக்கம் முதிர ஓராண்டோ ஈராண்டோ ஆகும். அதுவரை தவறும் ஊசிகளின் விலையை விவசாயி பாலிலும் பயின்றவர் நற்பெயரிலும் செலுத்துகின்றனர். மூன்று மாதப் பயிற்சியின் உண்மையான நீளம் அதுவே. அரசின் செலவுக் கணக்கில் முதல் மூன்று மாதங்கள் மட்டுமே வருகின்றன.

அமெரிக்காவிலும் கணக்கு இனிப்பானதல்ல. அங்கே கால்நடைத் தொழில்நுட்பருக்கான முதல் கல்லூரிப் படிப்பு 1961இல் தொடங்கிய ஊரின் பெயர் டெல்லி. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர். ஈராண்டுப் படிப்பின் கட்டணத்துக்கும் கடனுக்கும் சம்பளம் ஈடாவதில்லை என்னும் முறையீடு அங்கே பழையது. ஆயினும் அங்கே பயின்றவர் மருத்துவமனை ஒன்றின் ஊழியர். அவரது நேரத்துக்கு ஒருவர் கூலி தருகிறார். மைசூர் வட்டாரத்துக் கருவூட்டாளரின் காத்திருப்புக்குக் கூலி இல்லை.

கர்நாடகத்தில் இதற்கு மாற்றாக ஒரு பாதை உண்டு. பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடகக் கால்நடை, விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், திப்தூரை அடுத்த கொனேஹள்ளி முதலிய இடங்களில் கால்நடைப் பராமரிப்புப் பாலிடெக்னிக்குகள் இயங்குகின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பட்டயப் படிப்பு. உடற்கூறு, தீவனம், நோய்த் தடுப்பு, கருவூட்டல் அனைத்தும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. படிப்பவர்களின் எதிர்பார்ப்பு துறையில் ஆய்வாளர் பணி. அது அறிவிப்பையும் காலியிடத்தையும் பொறுத்தது. அறிவிப்பு வரும்வரை ஊருக்குத் திரும்பும் பட்டயதாரர் தம் தெருவில் ஏற்கெனவே மூன்று மாதம் பயின்ற ஒருவர் வண்டியில் குடுவை கட்டிக்கொண்டு சுற்றுவதைக் காண்கிறார். இருவருக்கும் சட்டம் தரும் எல்லை ஏறத்தாழ ஒன்றே. வீட்டுக்காரர் தரும் கட்டணமும் ஒன்றே. பட்டயதாரர் கழித்த கூடுதல் 21 மாதங்களுக்குத் தனி விலை கேட்டால், அடுத்த முறை அழைப்பு மற்றவருக்குப் போகும்.